கொத்தும் கிலோவும்: இடையில் நிற்கும் ஒரு பிடி அரிசி

கல்முனையில் இன்றைக்கும் பேக்கரிக்குப் போகிறவர் ‘ஒரு றாத்தல் பாண்’ என்றுதான் கேட்கிறார். றாத்தல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. சொல் மட்டும் நாவைவிட்டு இறங்க மறுக்கிறது. அது அரபியில் ‘ரத்ல்’ என வழங்கிய நிறை. போர்த்துக்கேயர் அதனைத் தம் மொழிக்குள் எடுத்து, பின்னர் இலங்கைக் கரைக்கும் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் அவர்களுடைய பவுணுக்கு அதுவே பெயராயிற்று.

ஆங்கில றாத்தல் 453.6 கிராம். இன்று நம் நாட்டில் ஒரு பாணுக்குரிய நிறை 450 கிராம். மெட்ரிக் முறைக்கு மாறியபோது 3.6 கிராம் ஓசையின்றி உதிர்ந்துபோயிற்று. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பாணின் நிறையை மீண்டும் வர்த்தமானியில் வலியுறுத்தியபோது, 450 கிராம் பாணில் 13.5 கிராம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு பாணில் 3.6 கிராம் என்பது ஒரு கடி கூட இல்லை. ஆயிரம் பாணில் அது மூன்றரைக் கிலோவைத் தாண்டும்.

ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றும்போதெல்லாம் இவ்வாறு ஏதோ ஒரு மீதி நிற்கிறது. அந்த மீதி யாருக்குப் போகிறது என்று பார்ப்பதற்கே இக்கட்டுரை. அதிலும் முகத்தலளவையிலிருந்து நிறுத்தலளவைக்கு, அதாவது கொத்திலிருந்து கிலோவுக்கு மாறிய கதை, நெல்லும் அரிசியுமே வாழ்வாகிய அம்பாறைக் கரையோரத்துக்கு மிக நெருக்கமானது.

கிழக்கே கடல், மேற்கே வயல். இவ்விரண்டுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், உட்புறத்தே சம்மாந்துறை, தெற்கே அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் அளவு இருந்தது. தேங்காய்க்கு எண்ணிக்கை. கடற்கரையில் மீனுக்குக் கூறு. கடையில் சீனிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் றாத்தல். வயலிலிருந்து வந்த நெல்லுக்கும் அரிசிக்கும் மட்டும் தராசு இல்லை. அவை சுண்டிலும் கொத்திலும் மரைக்காலிலும் அளக்கப்பட்டன. மொத்த வியாபாரத்தில் புசல் வந்து சேர்ந்தது. நிலத்தைக் கூட இம்மக்கள் தானியத்தால்தான் அளந்தனர். இத்தனை அவணம், இத்தனை மரைக்கால் விதைப்பு என்றால், அவ்வளவு நெல்லை விதைக்கப் போதுமான வயல் என்பது பொருள்.

களவெட்டியில் நெல் அளப்பது வெறும் கணக்கு வேலையன்று. பதர் தூற்றிய பொலியின் முன்னே அமர்ந்து அளப்பவரின் கைக்கு ஊரே மதிப்பளித்தது. முதல் அளவையை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று எண்ணும் வழக்கம் தமிழ் பேசும் மக்கள் பலரிடமும் உண்டு. தலைதட்டி அளப்பதா, கூம்பாகக் குவித்து அளப்பதா என்பதில்தான் உறவும் பகையும் இருந்தன. பாத்திரம் ஒன்றே. ஆனால் குவித்தபோது வாய்க்கு மேலே நின்ற அந்தச் சிறு கோபுரம் கொடுப்பவரின் மனத்தைக் காட்டிற்று.

சமையலறையில் சுண்டே அரசாண்டது. நான்கு சுண்டு ஒரு கொத்து. சுண்டு வாங்க முடியாத வீட்டிலும் டின்பால் பேணி இருந்தது. பதினான்கு அவுன்ஸ், அதாவது 397 கிராம் பால் அடைத்து வந்த அந்தப் பேணியைக் கழுவிக் காயவைத்தால் அதுவே சுண்டு. இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. 397 கிராம் பால் கொண்ட அதே பேணியில் அரிசியை நிரப்பி நிறுத்தால் ஏறத்தாழ 250 கிராம்தான் தேறும். இறுகிய பால் தண்ணீரைவிடக் கனமானது. அரிசியோ மணிகளுக்கு இடையில் காற்றையும் சேர்த்துக்கொண்டு நிற்பது. சலித்த மாவை இட்டால் நிறை இன்னும் குறையும். அதே மாவை அமுக்கி இட்டால் கூடும். பேணி மாறவில்லை, நிறை மாறுகிறது. ஆகவே ‘ஒரு சுண்டு எத்தனை கிராம்?’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எதில் ஒரு சுண்டு என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

பத்திரிகையின் மகளிர் பக்கங்களுக்கு வந்து குவிந்த சமையற் குறிப்புகளைச் செம்மைப்படுத்தியோர் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். ‘இரண்டு சுண்டு பச்சையரிசி மா’ என்று ஒரு வாசகி எழுதியிருப்பார். அதனைக் கிராமில் போடவேண்டும் என்பது அலுவலக விதி. வறுத்த மாவா, வறுக்காத மாவா, அரித்ததா, அப்படியே அள்ளியதா என்பவற்றை அவர் எழுதியிருக்கமாட்டார். அவருக்கு அது தேவைப்படவுமில்லை. வீட்டுச் சமையலின் கணக்கு நிறையன்று, விகிதம். அரிசி அளந்த அதே சுண்டால் தண்ணீரையும் அளந்தால், சுண்டு சிறிதா பெரிதா என்பது சோற்றுக்குத் தெரியாது. ஒரே பாத்திரத்தின் ஆட்சிக்குள் எல்லாம் நடக்கும்வரை எந்த நியமமும் வேண்டியதில்லை. பாத்திரம் வீட்டு வாசலைத் தாண்டும்போதுதான், ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும்போதுதான், சிக்கல் பிறக்கிறது.

கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்துக்கு இவ்வளவு இறைச்சி, இவ்வளவு நெய், இவ்வளவு உப்பு என்று மனத்தில் கணக்கு வைத்திருந்த சமையற்காரரிடம், கடைக்காரர் கிலோவில் அரிசியைக் கொண்டுவந்து இறக்குகிறார். பிரித்தானிய அளவைப்படி ஒரு கொத்து என்பது ஒரு குவார்ட், அதாவது 1.136 லீற்றர். அதில் கொள்ளும் அரிசி 2 றாத்தல் என்று அரசாங்கம் கணித்தது. அது 907 கிராம். ‘கொத்தும் கிலோவும் ஒன்றுதானே’ என்று எண்ணி நூறு கொத்துக்குப் பதில் நூறு கிலோவைக் கிடாரத்தில் இட்டால், உண்மையில் நூற்றுப்பத்துக் கொத்து அரிசி அங்கே வேகிறது. தண்ணீரும் உப்பும் நெய்யும் நூறு கொத்துக்கே உரியவை. சஹனைச் சுற்றி அமர்ந்திருப்போர் அந்தப் பத்துக் கொத்தின் வேறுபாட்டை முதற் கவளத்திலேயே அறிந்துவிடுவர்.

சமையலறையின் கொத்து இந்நாட்டின் அரசியலையும் ஆட்டிவைத்திருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இலங்கையில் பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் அரிசி என்ற சொல் அன்று பிறந்து பல தசாப்தங்கள் வாழ்ந்தது. கப்பலில் தொன் கணக்காக, மூடை மூடையாக நிறையில் வந்த அரிசி, மக்களின் பேச்சிலும் அரசியல்வாதியின் வாக்குறுதியிலும் கொத்துக் கணக்காகவே வழங்கிற்று. 1953இல் கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு அரசாங்கம் உயர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனாநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். அவரே மீண்டும் பிரதமராக இருந்த 1966இன் இறுதியில், வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீடு ஒன்றாகக் குறைந்தது, அந்த ஒன்று இலவசம் என்ற ஆறுதலோடு. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி அந்த இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாக வாக்களித்தது. சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு அன்றைய மேடைகளோடு சேர்ந்து நினைவுகூரப்படுவது. அரசாங்கங்களைக் கவிழ்க்கவும் ஏற்றவும் வல்லதாயிருந்த அளவை அது. கிலோவுக்கு அந்தப் பெருமை இன்னும் வாய்க்கவில்லை.

இனி வயலுக்குப் போவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் நெற்செய்கையின் முகத்தையே மாற்றியது. விளைந்த நெல் புசலில் விற்கப்பட்டது. ஒரு புசல் எட்டுக் கலன் கொள்ளளவு, 36 லீற்றருக்குச் சற்றுக் கூட. உத்தரவாத விலை புசலுக்கே பேசப்பட்டது. 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்மூலம் நெல் சந்தைப்படுத்தும் சபை உருவானபோதும் புசலே வழக்கில் இருந்தது. ஆனால் களஞ்சியத்தில் நெல்லை நிறுக்கத்தானே வேண்டும்? ஒரு புசல் நெல் 46 றாத்தல் என்று கொண்டனர். அது 20.87 கிலோ.

எந்த நெல்லுக்கு 46 றாத்தல்? சம்பாவின் சிறுமணி நெருங்கிப் படியும். நாட்டு நெல்லின் பெருமணி இடைவெளி விட்டு நிற்கும். ஆகவே ஒரே புசலில் சம்பா நிறை கூடியும் மற்றது குறைந்தும் இருக்கும். சராசரி என்று ஒன்றை எடுத்தால் ஒருவருக்கு இலாபமும் மற்றவருக்கு நட்டமும் தவிர்க்க முடியாதவை. அதன்மேல் முழு எண்ணாக்கும் பழக்கம் வேறு. 20.87 என்று எவர் நிறுப்பார்? 21 என்று வைத்துக்கொண்டால் புசலுக்கு ஏறத்தாழ 135 கிராம் விவசாயியின் கையிலிருந்து கூடுதலாகப் போகிறது. ஆயிரம் புசலுக்கு அது ஆறு புசலுக்கு மேல். அந்த ஆறு புசலை எவரும் திருடவில்லை. தசம புள்ளிக்குப் பின்னாலிருந்த இலக்கங்களை வசதி கருதி மறந்தார்கள், அவ்வளவுதான்.

இதனால் பழைய முறையே நேர்மையானது என்று கொண்டாடவும் முடியாது. கொத்தில் பதர் ஏமாற்றும், தராசில் ஈரம் ஏமாற்றும். முகத்தலளவையில் பொக்கும் சப்பியும் இடத்தை அடைத்துக்கொள்ள, வாங்குபவர் நட்டப்பட்டார். நிறுத்தலளவையில் ஈர நெல் தண்ணீரின் விலையையும் சேர்த்துக் கேட்கிறது. அதனால்தான் அரச கொள்வனவில் நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படலாகாது என்ற நிபந்தனை. தனியார் கொள்வனவில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று மூடைக்கு மூடை கழிவு வைப்பதும், அறுவடைக் காலந்தோறும் விவசாயிகள் அதனை எதிர்த்துக் குரலெழுப்புவதும் நாம் அறிந்தவையே. அளவை மாறியது. கூம்பும் தலைதட்டலும் வேறு பெயரில் தொடர்கின்றன.

இலங்கையில் மெட்ரிக் முறை 1970களில் அறிமுகமாயிற்று. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் வந்தபின் வியாபாரத்தில் பழைய அளவைகளுக்குச் சட்டத்தில் இடமில்லாது போயிற்று. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெறவேண்டும். வீட்டுச் சுண்டுக்கு எவரும் முத்திரை கேட்பதில்லை. ஆகவே அது சமையலறைக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தது.

ஆனால் முஸ்லிம்களின் வாழ்வில் முகத்தலளவை ஒதுங்க முடியாத ஓர் இடம் உண்டு. நோன்புப் பெருநாளைக்கு முன்னர் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய ஸகாத்துல் பித்ர், ஊர் வழக்கில் பித்ரா. குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும் பிரதான உணவில் ஒரு ‘ஸாஉ’ கொடுக்கவேண்டும் என்பது விதி. ஸாஉ நிறையன்று, கொள்ளளவு. நான்கு ‘முத்து’ ஒரு ஸாஉ. முத்து என்பது நடுத்தரமான கைகளை உடைய ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் பேரீச்சம்பழமும் வாற்கோதுமையும் அளந்த பாத்திரத்தைக் கல்முனையின் அரிசிக்கும் கடையின் டிஜிட்டல் தராசுக்கும் கொண்டுவருவது எப்படி?

இக்கேள்வி நாம் இன்று கண்டுபிடித்ததன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே ஈராக்கின் அறிஞர்கள் ஒரு ஸாஉ எட்டு ரத்ல் என்றனர். மதீனாவின் அறிஞர்கள் ஐந்தும் மூன்றிலொன்றும் என்றனர். இமாம் அபூஹனீபாவின் தலைமை மாணவரான அபூ யூசுப் மதீனாவுக்குச் சென்றபோது நடந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அவர் ஆதாரம் கேட்கிறார். மறுநாள் காலையில், நபித்தோழர்களின் வழிவந்த முதியோர் ஏறத்தாழ ஐம்பது பேர், தத்தம் குடும்பத்து ஸாஉவை மேலாடைக்குள் வைத்துக் கொண்டுவருகின்றனர். ஒவ்வொருவரும் தம் தந்தை வழியாக வந்த பாத்திரம் இது என்கின்றனர். அவர் அளந்து பார்க்கிறார். எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. ஐந்தும் மூன்றிலொன்றும். தம் ஆசிரியரின் கருத்தை அவ்விடத்திலேயே கைவிடுகிறார். ஒரு நகரத்தின் சமையலறைகளே சாட்சி சொல்ல வந்த வழக்கு அது. (இங்கே வரும் ரத்லும் நம் பேக்கரியின் றாத்தலும் ஒரே சொல் என்பதை வாசகர் கவனித்திருப்பர். நிறையில் இரண்டும் ஒன்றல்ல.)

அதன் பின்னரும் சிக்கல் தீரவில்லை. பக்தாத் ரத்ல் 130 திர்ஹம் என்றார் இமாம் ராபிஈ. 128உம் ஏழில் நான்கும் என்றார் இமாம் நவவி. இருவரும் இலங்கை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் தூண்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த நவவி, இதைவிட ஆழமான ஒன்றையும் எடுத்துக்காட்டினார். சோளமும் கடலையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நிறை காட்டமாட்டா. ஆகவே நிறையால் ஸாஉவைச் சொல்வது தோராயமே, மூல அளவு கொள்ளளவுதான் என்பது அவர் நிலைப்பாடு. பாத்திரம் கிடைக்காதவர் என்ன செய்வது? ஒரு ஸாஉவுக்குக் குறையாது என்று உறுதியாகத் தெரியும் அளவைக் கொடுக்கவேண்டும். மீதி யாருக்கு என்ற நம் கேள்விக்கு அவர் அன்றே விடை சொல்லிவிட்டார். ஐயம் வந்தால் அது வாங்குபவர் பக்கம் சாயட்டும்.

நம் அளவில் இதனைச் சரிபார்க்கலாம். ஒரு ஸாஉ ஏறத்தாழ இரண்டே முக்கால் லீற்றர் என்ற கணிப்பைக் கொண்டால், இரண்டரைக் கொத்துக்குச் சற்றுக் குறைவு. அரிசியின் இனத்தைப் பொறுத்து அது 2.2 கிலோவிலிருந்து 2.4 கிலோ வரை நிற்கும். அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவின் வழிகாட்டலில் வருவது 2.4 கிலோ. இரண்டரைக் கிலோ கொடுப்போரும், சவூதி அறிஞர் குழுவின் கணிப்பையொட்டி மூன்று கிலோ கொடுப்போரும் உளர். ரமழான் இறுதியில் இதுபற்றி ஊர்களில் விவாதம் எழும்போது, யாரோ ஒருவர் தவறு என்றே பலரும் எண்ணுகின்றனர். கொள்ளளவை நிறையாக்கும் எக்கணக்கும் ஒரு வீச்சுக்குள்தான் நிற்கும். அந்த வீச்சின் எந்த முனையில் நிற்பது என்பதே தெரிவு. 2.4இல் நிற்பவர் அரிசியைப் பொறுத்தவரை வீச்சின் மேல் முனையிலேயே நிற்கிறார்.

குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிக் கொடுக்கும்போது குறைப்போரைக் கண்டிப்பது. அதில் அளத்தல், நிறுத்தல் ஆகிய இரண்டும் தனித்தனியே சொல்லப்பட்டிருப்பது கருதத்தக்கது. கருவி மாறினாலும் குற்றம் மாறாது என்பதே அதன் உட்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மருதமுனையும் இழந்தவற்றுக்குக் கணக்கில்லை. ஆயிரக்கணக்கில் உயிர்கள். அவற்றின் முன்னே பாத்திரம் பண்டம் பற்றிப் பேசுவதே கூச்சத்துக்குரியது. ஆயினும் வரலாறு எழுதுகிறவன் அதனையும் குறிக்கவேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பாட்டி வழிப் பித்தளைக் கொத்தும் தகரச் சுண்டும் அன்று அலையோடு போயின. நலன்புரி நிலையங்களில் அரிசியும் பருப்பும் சீனியும் கிலோவில் வந்தன. புதிய வீடுகளில் குடியேறிய இளம் மனைவிமார் பலர், சோற்றுச் சட்டியோடு வந்த பிளாஸ்டிக் குவளையால் அளக்கத் தொடங்கினர். அதில் சுண்டின் கணக்கு இல்லை, கிலோவின் கணக்கும் இல்லை.

சுண்டு இன்னும் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் அதனைத் தண்ணீரால் நிரப்பிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வெறும் பாத்திரத்தின் நிறையைக் கழித்தால், எத்தனை கிராம் தண்ணீரோ அத்தனை மில்லிலீற்றர் அதன் கொள்ளளவு. பின்னர் நீங்கள் வழக்கமாகச் சமைக்கும் அரிசியை இட்டு நிறுத்துப் பாருங்கள். சிவப்புப் பச்சைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை, மாவுக்கு ஒருமுறை. தலைதட்டியும் குவித்தும் நிறுத்து, நான்கைந்து எண்களையும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். உம்மா சொல்லித்தந்த சமையற் கணக்கு, வெளிநாட்டில் கிராம் தராசோடு குடித்தனம் நடத்தும் மகளுக்குப் போய்ச் சேர அது ஒன்றே வழி.

குவித்து அளந்ததற்கும் தலைதட்டி அளந்ததற்கும் இடையிலான வித்தியாசத்தையும் மறவாமல் எழுதுங்கள். ஒரு பிடி அரிசிதான் இருக்கும். கொத்து கிலோவானபோது எண்களில் காணாமற் போனது அந்த ஒரு பிடிதான். அதனைத் தராசு தானாகத் தரப்போவதில்லை. கொடுப்பவர்தான் போடவேண்டும்.